அருகிலுள்ள கொம்பையா

திரவியம் சொன்ன இந்தக் கதையை எட்டு வருஷமாக நான் நம்பவில்லை. நம்பாததற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன, படித்தவன் தைரியமாக எடுத்துச் சொல்லக்கூடிய காரணங்கள். ஐம்பத்தாறு வயதில் ஒரு மதியம் அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோது, எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றுதான் கிடந்தது: கதை உண்மையென்றால் நான் யார் என்ற கேள்வி.  

நானும் திரவியமும் கமலாட்சி மருத்துவமனையில் வேலை பார்த்தோம். நான் சென்னைத் தலைமை அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளன். எந்த மாற்றமும் என் ஒப்புதல் இல்லாமல் நடக்காது. அவர் கரிசல்காட்டில், கருங்கல்பட்டிக் கிளையின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு குளிர் அறையில் இருந்தார். கமலாட்சிக்கு அப்போது மதுரை, நாகர்கோவில், கருங்கல்பட்டி என்று மூன்று கிளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டேட்டா சென்டர். ஒரு நோயாளியின் சீட்டில் ஒரு வரி எழுதினால் அது மூன்று அறைகளிலும் பதியும். ஓர் அறை செத்தாலும் மற்ற இரண்டும் பேசும்.

பெயரைச் சொல்லிக் கேட்பது மனிதர் வழக்கம். கணினிக்கு இலக்கம்தான் தெரியும். இந்தப் பெயருக்கு இந்த இலக்கம் என்று சொல்லும் பதிவேட்டை டிஎன்எஸ் என்பார்கள். யாராவது கைப்பேசியில் கமலாட்சி என்று கேட்டால் அதுவரை எல்லாருக்கும் மதுரை அறையின் இலக்கத்தையே அது சொல்லிக்கொண்டிருந்தது. திரவியம் எழுதிய புது விதி, கேட்பவருக்கு எது பக்கமோ, எது உயிரோடு இருக்கிறதோ, அதைச் சொல் என்றது. உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒவ்வோர் அறையிலும் ஒரு சின்னக் கோப்பு. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை பதிவேடு வந்து தட்டும், கோப்பு ‘நலம்’ என்று சொல்லும். ஒருமுறை கிடைத்த பதிலை எவ்வளவு நேரம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும், எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்பதையும் பதிவிலேயே குறிக்க வேண்டும். திரவியம் ஒரு நிமிஷம் என்று எழுதியிருந்தார். நான் அதை ஒரு வாரம் என்று மாற்றச் சொன்னேன். அடிக்கடி கேட்டால் பதிவேட்டுக்குச் சுமை. தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர்கள் சுமை குறைவாக இருந்தால் நல்ல மதிப்பெண் போடுவார்கள். ஒரு வரியில் சொன்னேன், மாற்றிவிட்டார்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு விதி நடப்புக்கு வந்தது. கைப்பேசிகள் உடனே கீழ்ப்படிந்தன. பதினொன்றேகால் வாக்கில் கால்களும் கீழ்ப்படிந்தன.

மதுரையில் படுத்திருக்கும் மாமனாரைப் பார்க்கக் கமலாட்சிக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியவரின் கால்கள் பேருந்து நிலையத்தைத் தாண்டி, பருத்திக் கிடங்கைத் தாண்டி, நேராகக் கருங்கல்பட்டிக் கிளையின் வாசலில் போய் நின்றன. அதையும் மீறி மதுரைப் பேருந்தில் ஏறியவர்கள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ஏன் இறங்கினோம் என்று கேட்டுக்கொள்ளாமல், சாலையைக் கடந்து வந்த வழியே திரும்பி நடந்தார்கள். ஆட்டோ பிடித்தவர்களின் ஆட்டோவும், வாடகைக் கார் பிடித்தவர்களின் காரும் அந்த வாசலுக்கே வந்தன. போன் போட்டவர்களுக்கும் அந்த வாசலுக்குள் இருந்த மேஜையில்தான் மணி அடித்தது. மதுரையில் இருந்தவர்கள் மதுரைக் கிளைக்கும், நாகர்கோவிலில் இருந்தவர்கள் நாகர்கோவில் கிளைக்கும் இப்படியே போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் தேடிப்போன ஆள் எங்கே படுத்திருக்கிறார் என்பது கால்களுக்குத் தெரியாது, விதியில் அது இல்லை.

முதல் நாள் நர்ஸ்கள் திணறினார்கள். வராந்தா முழுக்கத் தூக்குச்சட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக உறவினர்கள் நிற்கிறார்கள், அவர்களுடைய நோயாளிகள் அங்கே இல்லை; படுக்கையில் நோயாளிகள் கிடக்கிறார்கள், அவர்களுடைய உறவினர்கள் வேறு ஊரில் நிற்கிறார்கள். இரண்டாம் நாள் தலைமை நர்ஸ் வந்தவர்களை வரிசையில் விட்டார். மனைவி என்று சொன்னவரை மனைவி இல்லாத படுக்கைக்கும், மகன் என்று சொன்னவரை மகன் இல்லாத படுக்கைக்கும் அனுப்பினார். நாற்காலிகள் நிறைந்தன, தூக்குச்சட்டிகள் திறந்தன, வார்டில் ரச வாசனை வந்தது. மூன்றாம் நாள் யாரும் யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. வந்தவர்கள் தாங்களாகவே காலியான நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

இதைச் சொல்லும்போது திரவியம் வார்டைப் பற்றி அதிகம் பேசவில்லை, வீட்டுக்குத் திரும்பியவர்களைப் பற்றியே பேசினார். முன்பின் தெரியாத ஒருவருக்கு இட்லி ஊட்டிவிட்டு வீட்டுக்குப் போய், அப்பா நல்லா இருக்காரு, ரெண்டு இட்லி சாப்பிட்டாரு, உன்னைக் கேட்டாரு என்று சொன்னார்களாம். பொய் சொல்கிறோம் என்ற நடுக்கம் ஒரு முகத்திலும் இல்லையாம். மதுரைக்கு அலைய வேண்டாம், அரை நாள் சம்பளம் போகாது, பார்த்தாச்சு. பேரூராட்சித் தலைவர் வந்து வார்டைச் சுற்றிப் பார்த்து, ஆள் இல்லாமல் ஒரு நோயாளிகூட இல்லை, இப்படி எந்த ஊரில் உண்டு என்று வியந்தார். அடுத்த வாரம் மருத்துவமனை வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள்: ‘அருகில் இருப்பவரே உங்களவர்.’ அந்த வாசகத்துக்கு சென்னையில் ஒப்புதல் கொடுத்தது யார் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. நானாகவும் இருக்கலாம்.

அதோடும் நிற்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மதுரைக் கிளையில் இருந்தார். கருங்கல்பட்டியில் அவருடைய மகன்கள் உட்கார்ந்திருந்த படுக்கையில் ஒரு கிழவர் இறந்துபோனார். மகன்கள் முறையாக அழுதார்கள், தூக்கிவந்தார்கள், எரித்தார்கள். நாலாம் நாள் தலைமையாசிரியர் நர்ஸின் கைப்பேசியில் வீட்டுக்குக் கூப்பிட்டு, என்னை எப்போது டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிப்போகப் போகிறீர்கள் என்று கேட்டார்.

“அப்பா, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை அடிச்சாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. அதுவரைக்கும் பஸ் ஸ்டாண்டு லாட்ஜுல இருந்துக்கிடுங்க. பேரப்பிள்ளைக பயப்படுவாங்க” என்றானாம் மூத்தவன்.

அவரும் இருந்தார். பதினாறாம் நாள் தன் படத்துக்கு முன்னால் போட்ட பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, பாயசத்தில் ஏலக்காய் போதாது என்று குறையும் சொன்னார். எரிந்துபோன கிழவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. இந்தக் கடைசி வரியைத் திரவியம் இரண்டு முறை சொன்னார்.

ஒரே ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சித்தாய், தீப்பெட்டி ஆலையில் லேபிள் ஒட்டுகிறவள், ஐம்பது வயதுக்கு மேல். பிள்ளையில்லை. கணவர் கொம்பையா அதே ஆலையில் பண்டல் சுமந்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், மதுரைக் கிளையில் கிடந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தது ‘ம்பு’ என்ற ஒரே சத்தம். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், ஒன்றுக்குப் போகவும் அதுதான். எது எந்த ‘ம்பு’ என்று அவளுக்கு மட்டும் தெரியும். அதைவிட முக்கியம், அவரால் நிமிர்ந்து படுத்து விழுங்க முடியாது. இடது பக்கம் சாய்த்து, தாடையைக் கீழே அழுத்திப் பிடித்து, அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கொடுத்தால்தான் இறங்கும், இல்லையென்றால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மூன்று வாரம் அப்படித்தான் கொடுத்தாள். அந்தப் புதன்கிழமை காலை மாற்றுச் சேலையும் குடும்ப அட்டையும் எடுக்க ஊருக்கு வந்தவள், மதியம் திரும்பிப்போகக் கிளம்பினாள். கால்கள் கருங்கல்பட்டிக் கிளையில் பதினாலாம் படுக்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தின.

பதினாலாம் படுக்கையில் தங்கமாரி என்ற மதுரைக்காரர் இருந்தார். கருங்கல்பட்டிக்குக் கல்யாணத்துக்கு வந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர். அவருடைய மனைவி மதுரையில், ஆரப்பாளையத்தில். அந்த அம்மாளும் கமலாட்சி என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தாள், அவளுடைய கால்கள் மதுரைக் கிளைக்குப் போயிருந்தன, அங்கே மனைவி இல்லாத படுக்கை கொம்பையாவுடையது.

“ஏன் நிக்கிறே? உக்காரு. என்ன கொண்டாந்தே?” என்றார் தங்கமாரி.

“நா உங்க சம்சாரம் இல்லீங்க.”

“தெரியுது. அதுக்காக நின்னுக்கிட்டேவா இருப்பே?”

பேச்சித்தாய் உட்காரவில்லை. கமலாட்சிக்குப் போன் போட்டு, எங்க வீட்டுக்காரரை இடது பக்கம் சாய்த்துத்தான் சோறு கொடுக்க வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். போனை எடுத்தது இரண்டு சுவர் தள்ளி உட்கார்ந்திருந்த கருங்கல்பட்டி நர்ஸ். அவள் பொறுப்பாகத்தான் எழுதிக்கொண்டாள், பதினாலாம் படுக்கையின் சீட்டில். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் தங்கமாரியை உடைந்த இடுப்போடு இடது பக்கம் சாய்த்தார்கள், அவர் வலியில் ஊரைக் கூட்டினார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “நீ மட்டும் என்ன பெரிய இவ. நாங்கள்லாம் இருக்கல? மதுரையில உன் புருசனுக்கு ஒரு ஆளு இருக்கும்ல, இங்க இவருக்கு நீ இருக்க. யாருக்கும் நஷ்டமில்ல.”

“அவுகளுக்கு விழுங்கத் தெரியாது, தாயி.”

“அதெல்லாம் பாத்துக்குவாக.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் திரவியத்தின் குளிர் அறைக் கதவைத் தட்டினாள். இந்த ஆஸ்பத்திரியில் எதையாவது எழுதுகிற ஆள் யார் என்று விசாரித்து வந்திருந்தாள்.

“தம்பி, கால எழுதினது நீங்கதானா?”

“கால எழுதலக்கா. பேரு எந்த இடம்னு எழுதினேன்.”

“ஊரு எப்படியும் போகட்டும். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்க. இவ கேட்டா மதுரைன்னு சொல்லுன்னு.”

எழுத முடியும். ஒரே ஒருவருக்கு வேறு பதில் சொல்லப் பதிவேட்டில் இடம் உண்டு, பத்து நிமிஷ வேலை. ஆனால் ஆய்வுக்கு முன்னும் பின்னும் ஐந்து நாள் எதையும் தொடக்கூடாது என்பது நடைமுறை, உறைநாட்கள் என்போம். திரவியம் எனக்கு விதிவிலக்கு கேட்டு எழுதினார். அவர் எழுதியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, எட்டு வருஷமாக ஞாபகம் இல்லாததுபோல் இருந்திருக்கிறேன்: ‘ஒரு பயனர் தவறான கிளைக்கு அனுப்பப்படுகிறார். அவசரம். உயிர் சம்பந்தப்பட்டது.’ எங்கள் வழக்கத்தில் அவசரம் என்பதைப் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வோம். ஆயிரம் பேர் என்றால் முதல் நிலை. ஒருவர் என்றால் நாலாம் நிலை. உயிர் சம்பந்தப்பட்டது என்று எல்லாக் கிளையிலிருந்தும் எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள், அச்சுப்பொறியில் மை தீர்ந்தால்கூட. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏப்பம் விட்டுக்கொண்டே, பதில் தட்டினேன்: ‘ஒரு பயனர்தானே. காத்திருக்கட்டும்.’

திரவியம் காத்திருக்கவில்லை. அனுமதி இல்லாமல் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தன் அறையில் இருந்த அந்தச் சின்னக் கோப்பைத் திறந்து, ‘நலம்’ என்பதை அழித்தார். பதிவேடு தட்டியது, பதில் வரவில்லை, கருங்கல்பட்டிக் கிளை செத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டது. இனி கேட்கிற யாருக்கும் அதற்கடுத்துப் பக்கத்தில் இருக்கும் இடத்தை, மதுரையை, அது சொல்லும்.

புதிதாகக் கேட்டவர்களுக்குச் சொல்லவும் சொன்னது. அன்று மாலையே இருபது முப்பது பேருடைய கால்கள் அவர்களை மதுரைப் பேருந்தில் ஏற்றின. பேச்சித்தாயின் கால்கள் மட்டும் அசையவில்லை. அவள் இரண்டு நாளுக்கு முன்பே கேட்டு, பதிலை வாங்கி வைத்திருந்தாள். அந்தப் பதிலை ஒரு வாரம் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் எழுதச் சொல்லியிருந்தேன். அடுத்த புதன் மதியம் வரை அவள் கால்களுக்கு வேறு எதுவும் கேட்காது.

“பொறுத்துக்கிடுங்கக்கா. புதன்கிழமை தன்னால மாறிரும்” என்று சொன்னார் திரவியம்.

அவள் பொறுத்திருப்பாள். ஊர் பொறுக்கவில்லை. வீட்டில் முறை மாற்றிப் புதிதாகக் கிளம்பியவர்கள் எல்லாரும் மதுரைக்குப் போனதில், திங்கட்கிழமைக்குள் கருங்கல்பட்டி வார்டில் பாதி நாற்காலி காலியாகிவிட்டது. ஒரு வாரத்துக்கு முன் எந்த உறவும் இல்லாத நோயாளிகள், எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் எங்கே என்று சண்டை போட்டார்கள். மதுரைக்கு இழுத்துப்போகப்பட்டவர்கள் அங்கே தங்கள் சொந்த அப்பாவையும் சொந்த மாமியாரையும் பார்த்துவிட்டு எரிச்சலோடு திரும்பினார்கள். பேரூராட்சித் தலைவர் முன்னால் வர, நாற்பது பேர் குளிர் அறை வாசலில் கூடினார்கள்.

“யோவ், எங்க ஊரு ஆஸ்பத்திரி செத்துப்போச்சுன்னு எழுத நீ யாருய்யா?”

“நல்லா இருந்த ஏற்பாட்டக் கெடுத்துட்டியே. எங்க மாமியா என்னயக் கண்டதும் என்ன சொன்னா தெரியுமா? வர இத்தன நாளான்னு கேக்கா. இங்க இருந்த கெழவி எங்க வீட்டு ஆளுககிட்ட ஒரு வார்த்த கேக்கல, கொடுத்தத சாப்பிட்டுச்சு.”

“ஒருத்திக்காக ஊரையே அலைய விடுதீரே, உமக்கு அவ என்ன வேணும்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு திரவியம் உள்ளே போய் ‘நலம்’ என்று எழுதினார். வேறு வழி இல்லை என்றார். இருந்திருக்காது. ஆனாலும் எழுதிய கை அவருடையதுதான். இதைச் சொல்கிற அருகதை எனக்குக் கிடையாது என்று தெரிந்தும் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் அவளிடம் கடைசி வழியைச் சொன்னார். பெயரைச் சொன்னால்தானே பதிவேட்டுக்குப் போகும். பெயரே சொல்லாமல், இலக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எந்த விதியும் குறுக்கே வராது. எங்கள் தொழிலில் வழி தெரியாமல் போகும்போது எல்லாரும் செய்கிற வேலை இது. மதுரைக் கிளையின் கதவு எண்ணையும் தெருவையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்: நூற்றி எண்பத்தேழு, மேலக்கிணற்றுத் தெரு.

“ஆஸ்பத்திரின்னு நெனைக்கக் கூடாது. அண்ணாச்சியப் பாக்கப் போறோம்னும் நெனைக்கக் கூடாது. நம்பர மட்டும் சொல்லிக்கிட்டே போங்க.”

அவள் அப்படியே போனாள். நூத்தி எண்பத்தேழு மேலக்கிணத்துத் தெரு, நூத்தி எண்பத்தேழு மேலக்கிணத்துத் தெரு என்று உதடு காய்ந்துபோகச் சொல்லிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல், எங்கேயாவது அவர் முகம் ஞாபகத்தில் எழுந்தால் தொடையைக் கிள்ளி அதை உள்ளே தள்ளிக்கொண்டு, நூறு கிலோமீட்டர் போனாள். பக்கத்து இருக்கைக்காரி பேச்சுக் கொடுத்தாள்.

“எங்க தாயி?”

“நூத்தி எண்பத்தேழுக்கு.”

“அங்க யாரு இருக்கா?”

“யாரும் இல்ல.”

“யாரும் இல்லாத இடத்துக்கா இப்படி அழுதுக்கிட்டுப் போற?”

பன்னிரண்டரைக்கு வாசலுக்கு வந்துவிட்டாள். கால்கள் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. ஆனால் நூற்றி எண்பத்தேழு என்ற ஒரே கதவுக்குள் மூன்று நிறுவனங்கள் இருந்தன: கீழே ஒரு ஸ்கேன் சென்டர், பக்கவாட்டில் ஒரு மருந்துக் கிடங்கு, மேலே மருத்துவமனை. இலக்கத்தோடு வருகிறவரிடம், எந்தப் பெயரைத் தேடி வந்தீர்கள் என்று கதவு கேட்கும். எங்கள் கணினிகளும் அப்படித்தான். திரவியத்துக்கு அது தெரியும். சொல்ல மறந்துவிட்டார்.

“எங்கம்மா போகணும்? ஸ்கேனா, மருந்தா, ஆஸ்பத்திரியா?” என்றார் காவலாளி.

“மேல.”

“மேலன்னா? வாயத் தொறந்து பேரச் சொல்லுங்கம்மா. சொன்னாத்தான் பாஸ்ல எழுதுவேன். ஆய்வுக்கு ஆளுக வந்திருக்காங்க, இன்னைக்கு எதுவும் விட மாட்டேன்.”

“நூத்தி எண்பத்தேழுய்யா. உள்ள விடுங்க.”

“மூணுமே நூத்தி எண்பத்தேழுதான்.”

அப்போது அவளைக் கடந்து ஓர் அம்மாள் உள்ளே போனாள். குளித்துத் தலையில் கனகாம்பரம் வைத்து, கையில் மூன்றடுக்குத் தூக்கு. காவலாளி சிரித்து வழிவிட்டார். பாஸில் நோயாளி பெயர் கொம்பையா என்றும், உறவு மனைவி என்றும் எழுதியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மாடிப்படியில் ஏறுவதைப் பேச்சித்தாய் பார்த்தாள்.

“எம்மா! கனகாம்பரம் வச்சவுகளே! இடது பக்கம் சாச்சுக் குடுங்க! தாடையப் புடிச்சுக்கிடுங்க! அரைக் கரண்டிம்மா, அரைக் கரண்டி!”

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். பைத்தியங்களுக்கு நல்லவர்கள் தலையாட்டுவதுபோல் ஒருமுறை தலையாட்டினாள். ஏறிப் போனாள். கெட்டவள் இல்லை. ஆறு நாளாகத் தினமும் சமைத்துக் கொண்டுவந்தாள், அவர் கால்களைப் பிடித்துவிட்டாள். அதுவரை அவருக்கு நர்ஸ்கள் தங்கள் கையாலேயே அரைத்த கஞ்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான், இவ்வளவு நாள் ஆச்சே, வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுப்போம் என்று மீன் குழம்புச் சோறு பிசைந்து எடுத்து வந்திருந்தாள்.

“யாரும்மா அவங்க உங்களுக்கு? எதுக்குக் கத்துறீங்க?”

“உள்ள கிடக்கது எம் புருசன்யா!”

“அவரு சம்சாரம் இப்பத்தான் உள்ள போறாங்க. நீங்க எந்த ஆஸ்பத்திரின்னு கரெக்டாத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க.”

“இந்தக் கமலாட்சிதான்யா, இந்தக் கமலாட்சிதான்!” என்று அவள் கத்தினாள்.

கால்கள் திரும்பின. காவலாளியின் மேஜையைப் பிடித்தாள், மேஜை நகர்ந்தது; கம்பிக் கதவைப் பிடித்தாள், வளையல் உடைந்தது; கால்கள் அவளைத் தெருவில் நடத்தி, மாட்டுத்தாவணி நிலையத்தில் பேருந்தில் ஏற்றி, நூறு கிலோமீட்டர் பின்னால் கொண்டுவந்து, வெயில் தாழாத நாலு மணிக்குப் பதினாலாம் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தின.

“வந்துட்டியா? காலையிலேர்ந்து எங்க போயிருந்தே? பசிக்குது” என்றார் தங்கமாரி.

கொம்பையாவின் சீட்டில் எழுதப்பட்ட கடைசி வரி மூன்று அறைகளிலும் ஒரே நேரத்தில் பதிந்தது, திரவியம் தன் திரையில் அதைப் படித்தார். நேரம் ஒன்று பத்து. உணவு மூச்சுக்குழலை அடைத்தது. ‘மனைவி உடனிருந்தார்.’

உடலை மனைவியிடம் ஒப்படைத்தார்கள். ஆரப்பாளையத்து அம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுது, சொந்தக்காரர்களைக் கூட்டி, குறையில்லாமல் எரித்தாள். கருங்கல்பட்டியில், திரவியம் சொல்லித் தெரிந்துகொண்ட பேச்சித்தாய் தாலியைக் கழற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள், துக்கத்துக்கு இல்லை. “உனக்குக் கிறுக்கா? உன் ஆளு பதினாலாம் பெட்டுல இட்லி தின்னுக்கிட்டு இருக்காரு, எதுக்குடி அபசகுனமா?” ஒருவரும் துக்கம் கேட்க வரவில்லை. ஆலையில் விடுப்பு கேட்டதற்கு மேஸ்திரி, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று விசாரித்தார். வெள்ளிக்கிழமை தங்கமாரியை டிஸ்சார்ஜ் செய்து, அவர் மருந்துப் பையை அவள் கையில் கொடுத்து, கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அதே வெள்ளிக்கிழமை நான் அந்தக் கோரிக்கையைத் திறந்து, ‘பயனர் மீண்டும் தொடர்புகொள்ளவில்லை. தீர்ந்தது’ என்று எழுதி முடித்துவைத்தேன். ஆய்வில் நல்ல மதிப்பெண் வந்தது. கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து மருத்துவமனை கைமாறியது, பெயர் மாறியது, பழைய பதிவை அழித்தார்கள். கால்கள் விடுபட்டன. கருங்கல்பட்டியில் கொஞ்ச நாள் எல்லாரும் மதுரை ரொம்பத் தூரம் என்று குறைப்பட்டுக்கொண்டார்கள், பிறகு அதுவும் பழகிவிட்டது. திரவியம் வேலையை விட்டுப் போகும்போது தலைமை அலுவலகத்துக்கு வந்து, உணவுக்கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து, இது எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டுக்கொண்டே சாம்பார் சாதம் சாப்பிட்டு முடித்தேன். வேலைப் பளு, மனசு கெட்டுவிட்டது, பாவம் என்று நினைத்தேன். நினைத்ததை நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

போன மாதம் அவரைத் தேடிப் போனேன். கருங்கல்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். மதிய நேரம், கடையில் யாரும் இல்லை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“இப்பயாச்சும் நம்புதீகளா, சார்?”

நம்புகிறேன் என்றேன். சொல்வதற்கு எட்டு வருஷம் பிடித்த அந்த வார்த்தை வாயில் எந்த ருசியும் இல்லாமல் இருந்தது.

அவர் மிஷினை அணைத்தார். “அன்னைக்கு ஒண்ண உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். கொம்பையா அண்ணாச்சி செத்து மூணாம் நாளு பேச்சித்தாய் அக்கா என் ரூமுக்கு வந்துச்சு. சத்தம் போடல, அழல. ‘வேண்டாம்னு சொன்ன ஆளுக்குப் பேரு இருக்கும்ல தம்பி, அதச் சொல்லுங்க’ன்னு கேட்டுச்சு. கேட்டுட்டு நின்னுக்கிட்டே இருந்துச்சு.”

கேட்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. அவள் இப்போது உயிரோடு இருக்கிறாளா, எந்தத் தெருவில், மருந்துப் பையை என்ன செய்தாள், யாராவது ஒருவராவது அவளிடம் துக்கம் கேட்டார்களா, நான் போய் அவள் முன்னால் நின்றால் தகுமா.  வெளியே ஒரு மதுரைப் பேருந்து கிளம்பிப் போனது. நான் ஸ்டூலை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைக்குள் வேறு யாரும் இல்லை என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:

“என் பேரச் சொல்லிட்டீங்களா, திரவியம்?”